வாயால் சொல்லாத ஓம்

1

என் கணவர் இறந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமையுடன் மூன்று வருடம். மகள் ஷாமினி என்னோடு கதைப்பதை நிறுத்தி இன்றுடன் ஆறு நாள். இரண்டுக்கும் காரணம் என்னுடைய தலை. தலையென்றால் தலைவிதி இல்லை. கழுத்துக்கு மேலே, எண்ணெய் வைத்து வாரிக் கட்டியிருக்கிற இந்தத் தலையேதான்.

கதைக்கவில்லை என்றால் ஒரேயடியாக இல்லை. மெல்பேர்ணில், மல்கிரேவில் அவளுடைய வீட்டில்தான் இருக்கிறேன். காலையில் வேலைக்குப் போகும்போது, "சாப்பாடு ஃபிரிட்ஜில இருக்கு" என்பாள். பின்னேரம் வந்ததும், "மருந்து போட்டாச்சா?" என்பாள். அவள் ஃபார்மசிஸ்ட். மருந்துக் கவுண்டருக்கு வருகிறவர்களோடு பேசுவதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறாள். அந்தக் குரலில் என்னோடு பேசுவது இதுதான் முதல் தடவை.

ஊரிலிருந்து போன் எடுப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: "வயசு போன காலத்தில உங்கள் ரெண்டு பேருக்கும் என்னத்துக்கு ரீச்சர் அந்தத் தீவு?" ஆளுக்கு ஒரு பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். இந்த முறை எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். இனி யாரும் போனில் கேட்கவேண்டாம்.

2

யாழ்ப்பாணத்தில் நான் இங்கிலீஷ் ரீச்சர். இவர் மின்சார எஞ்சினியர். ஷாமினிக்கு எட்டு வயதாக இருக்கும்போது மெல்பேர்ணுக்கு வந்தோம். இவர் டண்டினொங்கில் ஒரு ஃபாக்டரியில் மெஷின் திருத்தியே வேலைக்காலம் முழுவதையும் முடித்தார். எஞ்சினியர் என்று அங்கே ஒருவரும் அவரைக் கூப்பிட்டது கிடையாது. பென்ஷன் எடுத்துச் சில மாதங்களில், ஞாயிறு ஆராதனை முடியும் நேரம், எங்கள் சபையின் மிஷன் அலுவலகம் பசிபிக் தீவொன்றுக்கு ஆட்கள் தேடுகிறது என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க ஒருவர், மெஷின்கள் பார்க்க ஒருவர். இவர் கையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்த என்னை ஒரு சொல் கேட்கவில்லை.

பதவியின் பெயர் சீனியர் மிஷனரி. ஊரில் என் தங்கச்சி அதைக் கேட்டு, ஏதோ பிஷப்புக்கு அடுத்த இடம் என்று நினைத்து, சனத்துக்கெல்லாம் சொல்லித் திரிந்தாள். இந்த நாட்டில் சீனியர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் குறைவு, அவ்வளவுதான். வயது போனவர்களை அனுப்பினால் பிள்ளைகளின் படிப்பு, வேலை என்ற பிரச்சினைகள் இல்லை. அதனால்தான் எங்களைத் தேடினார்கள்.

போவதற்கு முன் நிரப்பிய படிவங்களுக்கு அளவில்லை. ஒன்றில், இறக்க நேர்ந்தால் உடலை எங்கே கொண்டுபோவது என்று ஒரு கேள்வி இருந்தது. இவர் சிரித்துக்கொண்டு, "எங்கையெண்டாலும் எண்டு எழுதுவம்" என்றார். நான் பேனையைப் பறித்தேன். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டே கையெழுத்து வைத்தோம்.

தீவின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னாலும் மேப்பில் உங்களால் கண்டுபிடிக்க ஏலாது. ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு நடந்தால் அரைமணித்தியாலம். தகரக் கூரை போட்ட மிஷன் வீடு, மழைத்தண்ணீர்த் தொட்டி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கிளினிக், ஒரு தேவாலயம். மணிக்குப் பதிலாக, வெறும் காஸ் சிலிண்டர் ஒன்றை மரத்தில் தொங்கவிட்டு இரும்பால் அடிப்பார்கள். விடியப்புறம் ஐந்து மணிக்கு அந்தச் சத்தத்தில் எழும்ப வேண்டும். ஜெபம், பிறகு தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தடி விட்டுப் பார்ப்பது, பிறகு தேத்தண்ணி. எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம். பின்னேரம் செத்த வீடோ, நோயாளி வீடோ, யாராவது கூப்பிடுவார்கள். ஷாமினி டண்டினொங் கடையில் வாங்கிக் கப்பலில் அனுப்பும் கறித்தூள் வந்து சேர்வதற்குள் எறும்பு தன் பங்கை எடுத்துவிடும். மிச்சத்தில் ஈரப்பலாக்காய்க் கறி வைப்பேன். அந்தத் தீவில் எனக்குப் பழக்கமான ஒரே சாமான் ஈரப்பலாக்காய்தான்.

சுவிசேஷம் சொல்லப் போனோம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சனம் எங்களுக்கு முன்னமே வேதத்தில் ஊறியவர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் பாடுவார்கள். இரண்டாம் மணித்தியாலத்தில் எனக்கு முழங்கால் வலி தொடங்கிவிடும். இவர்களுக்கு நான் எதைப் படிப்பிக்க வந்தேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. புழுக்கம், உப்பு, எதைத் தொட்டாலும் பிசுபிசுப்பு. ஆனால் இவருக்குப் பிடித்திருந்தது. ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கறுப்புக் கையோடு நிற்பார். தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜ் நிற்காமல் ஓடினால் அன்றைக்கு இவருக்குப் பெருநாள். "எஞ்சினியர் பாப்பா" என்று சின்னப்பிள்ளைகள் கூடக் கூப்பிட்டார்கள். அங்கே பாப்பா என்றால் அப்பா. மெல்பேர்ண் தராததை அந்தத் தீவு தந்தது. அதனால்தான் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

3

இனித் தலைக்கு வருகிறேன்.

எங்கள் சனம் ஓம் என்பதற்கு வாய் திறப்பது குறைவு. தலையை இரண்டு பக்கமும் சாய்த்து ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். என் கலியாணமே அப்படித்தான் முடிவானது. போதகர் வீட்டு விறாந்தையில், "என்ன பிள்ளை, சம்மதமோ?" என்று கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. "உன்ர தலையை நம்பித்தான் நான் கலியாணம் கட்டினனான்" என்று இவர் கடைசிவரை பகிடி பண்ணுவார்.

மெல்பேர்ணுக்கு வந்த புதிதில் இந்தத் தலை என்னைப் பலமுறை கைவிட்டிருக்கிறது. ஒரு அரசாங்கக் கவுண்டரில், படிவத்தில் உள்ளதெல்லாம் சரிதானே என்று கேட்டாள் ஒரு வெள்ளைக்காரி. தலையை ஆட்டினேன். மறுபடி கேட்டாள். மறுபடி ஆட்டினேன். படிவத்தைத் திருப்பி என் பக்கமாகத் தள்ளிவிட்டாள். கவுண்டர் உயரத்துக்குக்கூட வளராத ஷாமினி என் சட்டையை இழுத்து, "அம்மா, அவைக்கு உது விளங்காது. வாயால சொல்லுங்கோ" என்றாள். அதிலிருந்து எங்கு போனாலும் அவளுக்கு இதே பாட்டு. டாக்டரிடம், பாங்கில், பள்ளிக்கூடத்தில்: வாயால சொல்லுங்கோ, அம்மா.

தீவில் இது இன்னும் மோசம். அந்தச் சனம் ஓம் என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார்கள். சத்தமும் இல்லை, தலையும் அசையாது, இரண்டு புருவமும் ஒருமுறை மேலே போய் வரும். அவ்வளவுதான் பதில். முதல் கிழமை வகுப்பில், "விளங்கியதா?" என்று கேட்டேன். நாற்பது பிள்ளைகளும் புருவத்தை உயர்த்திக்கொண்டு சும்மா இருந்தார்கள். திமிர் என்று நினைத்து எல்லோரையும் எழுப்பி நிற்க வைத்துவிட்டேன். கிளினிக் நர்ஸ் தெரேசாதான் வந்து விஷயத்தைச் சொன்னாள். நாற்பது வயதிருக்கும், பருத்த உடம்பு, காதில் எப்போதும் ஒரு வெள்ளைப் பூ. சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என் தலையாட்டல் அவர்களுக்கு வேண்டாம், விட்டுவிடு என்பதுபோலத் தெரிகிறதாம். பிள்ளைகள் வெளியே என்னைப்போலத் தலையாட்டி விளையாடுகிறார்களாம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

4

அது ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், கிளினிக் வாசலில் இருந்து தெரேசா கையைக் காட்டிக் கூப்பிட்டாள். இவர் ஃபிரிட்ஜ் திருத்த வந்த இடத்தில் வேர்த்துக் கொட்டி, படியில் உட்கார்ந்துவிட்டாராம். உள்ளே கட்டிலில் கிடந்தார். முகம் சாம்பல் நிறம். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்து, சத்தி எடுத்தார். நான் பேசினை அவர் வாய்க்குக் கீழே பிடித்தேன்.

தீவில் டாக்டர் இல்லை. பெரிய தீவில் இருந்து சின்ன விமானம் வரவேண்டும். வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் அது இறங்கும். மத்தியானம் கழிந்து வெகுநேரம் போவதற்குள் கூப்பிட்டால் உண்டு, இல்லையென்றால் மறுநாள். தீவில் ஒரே போன், கிளினிக்கில் இருக்கும் சாட்டலைட் போன். தெரேசா அதைக் கையில் எடுத்து, "பாப்பா, விமானத்தைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், வேண்டாம், இது காஸ்" என்றார் இவர் இங்கிலீஷில். பிறகு என்னைப் பார்த்து, "இஞ்சேர், உந்தப் பிள்ளைக்குச் சொல்லு, வாய்வுக்கு ஆரும் பிளேன் பிடிக்கிறவையோ?" என்றார். அந்த நிலையிலும் பகிடி.

தெரேசா என் பக்கம் திரும்பினாள். "மம்மா? கூப்பிடட்டுமா?"

என் ஒரு கையில் பேசின். மற்றக் கை இவருடைய முதுகில். அவர் மறுபடி ஓங்காளித்தார். நான் தெரேசாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். ஓம் பிள்ளை, கூப்பிடு, கெதியாய்க் கூப்பிடு, இந்த மனிசன் சொல்லுறதைக் கேளாதை. இவ்வளவும் அந்த ஆட்டுக்குள் இருந்தது. ஆட்டிவிட்டு இவர் பக்கம் திரும்பிவிட்டேன். அவள் போனை வைத்ததை நான் காணவில்லை.

நாக்கின் கீழ் மருந்து வைத்தாள். இவர் கொஞ்சம் அடங்கினார். நான் விமானச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். நல்ல வானம், ஒரு முகில் இல்லை. ஒன்றரை மணித்தியாலம் இப்படிப் போனது. பிறகு இவர் மறுபடி நெஞ்சைப் பிடித்தார். "விமானம் எங்கே? எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கத்தினேன்.

தெரேசா திகைத்து நின்றாள். "மம்மா, நீங்கள் வேண்டாம் என்றீர்களே" என்று சொல்லி, தலையை இரண்டு பக்கமும் சாய்த்துக் காட்டினாள். என்னைப்போலவே.

ஓடிப்போய்ப் போன் எடுத்தாள். நேரம் போய்விட்டது, விடியத்தான் வரலாம் என்றார்கள். தெரேசா இவருடைய நெஞ்சின்மேல் இரண்டு கையாலும் அழுத்தி அழுத்தி, பொழுதுபடும்வரை விடவில்லை. அவளுடைய பூ கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தது. இவர் போய்விட்டார்.

மறுநாள் விடிய விமானம் வந்தது. ஏற்ற ஆள் இல்லை. அந்த வெக்கைக்கு உடலை வைத்திருக்கவும் முடியாது. தேவாலயத்துக்குப் பின்னால், கடற்கரை மண்ணில் வைத்தோம். படிவத்தில் வெறுமையாக விட்ட கட்டத்துக்கு அப்படித்தான் பதில் கிடைத்தது. சுற்றிவர வெள்ளைப் பவளக் கல் அடுக்கினார்கள். ஷாமினி அந்தக் குழியைக் கண்ணால் கண்டதில்லை.

5

மெல்பேர்ண் விமான நிலையத்தில் ஷாமினி என்னைக் கட்டிப்பிடித்து, "ஏன் அம்மா? ஏன் ஹெல்ப் வரேல்லை?" என்று கேட்டாள்.

"பிளேனுக்குப் பிந்தித்தான் சொன்னவை, பிள்ளை" என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. ரீச்சராக இருந்தவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்குமோ? அவளுக்கு ஒரு கோபம் தேவையாக இருந்தது. அந்தக் கோபம் என் பக்கம் திரும்பினால் இந்த உலகத்தில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பிறகு சொல்லலாம், கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன். மூன்று வருடம் ஆறவில்லை.

அவள் மிஷன் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினாள். கிளினிக் அவர்களுடையது. படிவம், பதில், மறுபடி படிவம். விரும்பும் மொழி எது, உங்களுக்கும் இறந்தவருக்கும் உறவு என்ன. ஒவ்வொரு கடிதத்துக்கும் பல மாதம். இரண்டு வருடம் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. அலுவலகங்கள் இப்படித்தான், ஒருநாள் தானாகவே மறந்துவிடுவார்கள் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் மறக்கவில்லை. விசாரணை முடியும்வரை தெரேசா கிளினிக்குக்குப் போகக்கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். குற்றம் என்று முடிவானால் அவள் இனி நர்ஸாக வேலை செய்ய முடியாது.

அதன் பிறகு அவளுடைய வாக்குமூலத்தின் பிரதி ஒன்று வந்தது. ஷாமினி குசினிக் கதிரையில் இருந்து உரக்க வாசித்தாள். "மனைவியைக் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார்." வாசித்துவிட்டுத் தாளை மேசையில் அடித்தாள். "எவ்வளவு பெரிய பொய், அம்மா! உங்களைக் கேட்டவவாம், நீங்க நோ சொன்னனீங்களாம். உங்கட தலையில போடுறா!"

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தண்டையும் இலையையும் ஒன்றாகப் போட்டு ஆய்ந்துகொண்டே இருந்தேன். எனக்காகப் பொழுதுபடும்வரை போராடிய ஒருத்தியை என் மகள் பொய்க்காரி என்கிறாள், நான் கீரை ஆய்கிறேன். என்னைப்போல ஒரு கோழை உண்டோ?

6

போன செவ்வாய்க்கிழமை விசாரணை. சிட்டியில் மிஷன் அலுவலகத்தின் மூன்றாம் மாடி. நீள மேசை, மூன்று பேர், சுவரில் பெரிய திரை. நடுவில் இருந்த நரைத்த தலைப் பெண்மணிதான் தலைமை. மரியாதையான மனுஷி, எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார்.

திரையில் தெரேசா வந்தாள். ஞாயிறு வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். காதில் பூ இல்லை. மெலிந்து, கன்னம் ஒட்டிப்போய் இருந்தாள். என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தாள், பிறகு நிறுத்திவிட்டாள்.

நரைத்த தலைப் பெண்மணி கேட்டார்: "தெரேசா, நோயாளி விமானம் வேண்டாம் என்ற பிறகு, அவருடைய மனைவியையும் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போதும் அதையே சொல்கிறீர்களா?"

தெரேசா புருவத்தை உயர்த்தினாள்.

அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். "தெரேசா, கேட்கிறதா?"

மறுபடியும் புருவம் மேலே போய் வந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

"லைன் நின்றுவிட்டதோ?" என்றார் ஒருவர். மற்றவர், "இல்லை, படம் அசைகிறதே. பதிலளிக்கவில்லை என்று எழுதிக்கொள்கிறேன்" என்று பேனையை எடுத்தார்.

ஷாமினி என் காதுக்குள், "பாத்தீங்களா அம்மா? அவவிட்ட ஆன்சரே இல்லை" என்றாள்.

அந்த அறையில் அவளுடைய பதில் விளங்கிய ஒரே ஆள் நான். பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். மகளுக்கு நியாயம் கிடைத்திருக்கும். எனக்கு மகள் இருந்திருப்பாள்.

என் வாய் தானாகவே திறந்தது. "எழுதாதீர்கள்" என்றேன் இங்கிலீஷில். "அவள் பதில் சொல்லிவிட்டாள். இரண்டு தரம் சொன்னாள். அவர்களுடைய ஊரில் புருவத்தை உயர்த்தினால் ஓம் என்று அர்த்தம். அவள் என்னைக் கேட்டாள். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். எங்களுடைய ஊர் ஆட்டு. அவளுடைய ஊரில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம் என்பதும் எனக்கு முன்னமே தெரியும்."

எப்படி ஆட்டினீர்கள் என்று காட்டச் சொன்னார்கள். காட்டினேன். எழுபது வயதை எட்டிய பிறகு மூன்று வெள்ளைக்காரருக்கு முன்னால் தலையாட்டிக் காட்டினேன். அவர்களில் ஒருவர்கூட அதை ஓம் என்று எடுத்திருக்கமாட்டார் என்பது அவர்களுடைய முகத்திலேயே தெரிந்தது. திரையில் தெரேசா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் ஷாமினி அசையவில்லை.

தெரேசா உடனே வேலைக்குத் திரும்பலாம் என்று கடிதம் போகும் என்றார் நரைத்த தலைப் பெண்மணி. கடைசியில் என் கையைப் பிடித்து, "கவலைப்படாதீர்கள், இது யாருடைய தவறும் இல்லை" என்றார். அவருக்கு அப்படிச் சொல்வது சுலபம்.

காரில் ஷாமினி ரேடியோவைக்கூடப் போடவில்லை. என் மடியில் கைப்பை, அதற்குள் இவருடைய பழைய மூக்குக்கண்ணாடி. அதைத் திறந்து மூடிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குக் கிட்ட, பெரிய சந்தியில் சிவப்பு விழுந்தது. கார் நின்றது. இனியும் பொறுக்க ஏலாமல் கேட்டுவிட்டேன்.

"நீ என்னை மன்னிப்பியோ, பிள்ளை?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய தலை மெல்ல, இரண்டு பக்கமும், ஒருமுறை அசைந்தது. எட்டு வயதில் இங்கே வந்தவள், இங்கிலீஷில் கனவு காண்கிறவள், அந்த ஆட்டை என்னிடமிருந்து எப்போது எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை. ஆனால் அது எங்களுடைய ஆட்டா, முடியாது என்று இந்த ஊர்க்காரர் ஆட்டுவதா என்று எனக்கு விளங்கவில்லை. பெற்ற எனக்கே விளங்கவில்லை.

"வாயால சொல்லு, பிள்ளை" என்றேன்.

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். ஷாமினி காரை எடுத்தாள்.